ஒரே நேரத்தில் ஒன்று, மூன்று, ஐந்து கட்டை

சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவெலின் ‘பொலேரோ’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா உருப்படியைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஏழாவது நிமிடம் வாக்கில் திடீரென்று கீபோர்டு மாதிரி ஒரு சத்தம். குழலும் இல்லை, எக்காளமும் இல்லை, என்ன வாத்தியம் என்றே பிடிபடவில்லை. “1928இல் எழுதிய இசைக்குள் சிந்தசைசர் எப்படி வந்தது? பின்னால் யாராவது கலந்துவிட்டார்களா?”

நல்ல காது அவருக்கு. கலந்தது உண்மைதான், ஆனால் கலந்தவர் ராவெலே. அந்த இடத்தில் மின்சாரத்தில் ஓடும் வாத்தியம் எதுவும் கிடையாது. ஒரு பிரெஞ்சு ஹார்ன், செலஸ்டா என்ற சின்ன மணிப்பெட்டி, இரண்டு பிக்கோலோக்கள் (புல்லாங்குழலின் கீச்சுக்குரல் தங்கைகள்), அவ்வளவுதான். இந்த நான்கும் சேர்ந்து, மேடையில் இல்லாத ஐந்தாவது வாத்தியம் ஒன்றை நம் தலைக்குள் உருவாக்குகின்றன. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கதைச் சுருக்கம். இடா ரூபின்ஸ்டைன் என்ற நடனக் கலைஞர் தன் குழுவுக்கு ஸ்பானிய சாயலில் இசை வேண்டும் என்று ராவெலைக் கேட்டார். ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பேனிஸின் பியானோ உருப்படிகளை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றித் தருவதாகத்தான் முதலில் திட்டம். அதற்கான உரிமை வேறொருவர் கையில் இருந்தது. சரி, சொந்தமாகவே எழுதிவிடலாம் என்று ராவெல் உட்கார்ந்தார். 1928 நவம்பர் 22, பாரிஸ் ஆப்பரா. நடன அமைப்பு ப்ரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா, அரங்கமும் உடையும் ஓவியர் அலெக்சாந்தர் பெனுவா. ஸ்பானிய மதுக்கடை ஒன்றில் மேசைமேல் ஒரு பெண் ஆடுகிறாள், சுற்றிலும் ஆண்கள்.

அந்தக் காலத்துப் பாரிஸில் இது புதுமையே அல்ல. இசையமைப்பாளர், ஓவியர், கவிஞர், ஆடுபவர் எல்லோரும் ஒரே அடுப்பில்தான் சமைத்தார்கள். இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் ‘லா மேர்’ (கடல்) 1905இல் அச்சானபோது அட்டையில் இருந்தது ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை. 1917இல் இசையமைப்பாளர் எரிக் சாத்தி, ஓவியர் பிக்காசோ, கவிஞர் ழான் கொக்தோ மூவரும் கூட்டுச் சேர்ந்து ‘பராத்’ என்ற பாலே போட்டார்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் தட்டச்சுப் பொறிகூட இருந்தது. ராவெலுக்கும் ‘அப்பாஷ்’ என்று ஒரு செட்டு உண்டு. கவிஞர்களும் ஓவியர்களும் இசைக்காரர்களும் கூடிப் பேசும் ஜமா அது. அவருடைய அப்பா எஞ்சினியர். மகனுக்கும் இயந்திரங்கள்மேல் தீராத ஆசை. பொலேரோவையே ஒரு தொழிற்சாலைப் பின்னணியில் ஆடவேண்டும் என்று விரும்பினார்.

பொலேரோவின் கட்டமைப்பு முரட்டுத்தனமாக எளிமையானது. ஸ்னேர் டிரம் ஒரே தாளச் சொற்கட்டை 169 முறை அடிக்கிறது. இரண்டே மெட்டுகள், மொத்தம் 18 தடவை. வளர்ச்சி, விரிவு, கற்பனாசுரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் முக்கியமாக மாறுவது வாத்தியம்தான். ராவெலே இதை ஒரு சோதனை என்றுதான் சொன்னார். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். மற்ற எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்றை மாற்றிப் பார்ப்பதைத்தானே நாங்களும் ஆய்வுக்கூடத்தில் சோதனை என்கிறோம்?

நம் வாசகர் பிடித்த இடம், 18 தடவையில் ஒன்பதாவது. இனி நிதானமாகப் போவோம்.

ஒரு கம்பியோ காற்றுக்குழலோ ‘ஸ’ என்று ஒலிக்கும்போது, அந்த ஓர் அதிர்வெண் மட்டும் வருவதில்லை என்பது பள்ளியில் படித்ததுதான். கணக்குக்கு வசதியாக ‘ஸ’ 250 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கூடவே 500, 750, 1000, 1250 என்று மடங்குகளும் வரும். 500 மேல் ஸ்தாயி ஸ. 750 அதற்கு மேலுள்ள ப. 1000 மறுபடி ஸ. 1250 அதற்கும் மேலே அந்தர காந்தாரம். தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் காது கொடுத்தால், யாரும் மீட்டாத காந்தாரம் மிதந்து வருமே, அது இந்த ஐந்தாவது மடங்குதான். எந்த மடங்கு எவ்வளவு பலமாக இருக்கிறது என்ற விகிதம்தான் வீணையை வீணையாகவும் நாகஸ்வரத்தை நாகஸ்வரமாகவும் அடையாளம் காட்டுவதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை 1863இல் புத்தகமாகவே எழுதிவைத்துவிட்டார்.

இப்போது ராவெலின் பக்கத்தைப் பாருங்கள். ஹார்ன் மெட்டை ஒன்றாம் கட்டைச் சுருதியில் வாசிக்கிறது. செலஸ்டா அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலேயும் இரண்டு ஸ்தாயி மேலேயும் சேர்த்து வாசிக்கிறது. ஒரு பிக்கோலோ அதையே ஐந்தாம் கட்டையில், இன்னொன்று மூன்றாம் கட்டையில்! ஒரே பாட்டு, ஒரே நேரத்தில், மூன்று வெவ்வேறு சுருதியில். கச்சேரி மேடையில் இப்படி நடந்தால் எழுந்து போய்விடுவோம்.

ஆனால் மடங்குகளாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றாம் கட்டையை ஸ என்று வைத்தால் ஐந்தாம் கட்டை ப, மூன்றாம் கட்டை அந்தர காந்தாரம். ஹார்ன் 1. செலஸ்டா 2, 4. ஐந்தாம் கட்டைக் குழல் 3. மூன்றாம் கட்டைக் குழல் 5. (கட்டையும் மடங்கும் இடம் மாறி நிற்பது வெறும் தற்செயல், எனக்கு மட்டும் இது ஒவ்வொரு முறையும் சிரிப்பைத் தரும்.) ஒன்று முதல் ஐந்து வரை ஓட்டை விழாமல் அடுக்கியாயிற்று. நான்கு பேர் நான்கு வாத்தியத்தை வாசிக்கவில்லை. ஒரே வாத்தியத்தின் ஐந்து மடங்குகளை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமக்கிறார்கள்.

இதில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. சாதாரணமாகக் கோரஸ் எழுதும்போது இரண்டாவது குரலும் அதே ராகத்துக்குள்தான் நடக்கும். சங்கராபரணத்தில் முதல் குரல் ஸ, ரி என்றால் இரண்டாவது குரல் க, ம. ஸ-வுக்கும் க-வுக்கும் இடைவெளி நான்கு அரைச்சுரம். ரி-க்கும் ம-வுக்கும் மூன்றுதான். விகிதம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருப்பதால் காது ‘இது இரண்டு ஆள்’ என்று கண்டுபிடித்துவிடுகிறது. கோரஸின் அழகே அதுதான். ராவெல் அதைத்தான் மறுக்கிறார். பிக்கோலோக்களை ராகத்துக்குள் அடக்கவில்லை, மெட்டை அப்படியே பெயர்த்து அந்தந்தக் கட்டையில் வைக்கிறார். விளைவு, ஹார்னின் சுருதிக்குத் துளியும் சேராத சுரங்களெல்லாம் குழல்களில் வருகின்றன. தாளில் பார்த்தால் அபஸ்வரக் குவியல். ஆனால் ஹார்ன் எங்கே ஏறினாலும் இறங்கினாலும் அந்த இரண்டு குழல்களும் சரியாக மூன்று மடங்கிலும் ஐந்து மடங்கிலும் நிழல்போல ஒட்டிக்கொண்டே போகின்றன. விகிதம் மாறவே மாறாது. எப்போதும் மாறாத விகிதத்தில் ஒன்றாக நகரும் பல அதிர்வெண்களை, மூளை ஒரே தொண்டையிலிருந்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

குழல்களை ஹார்னைவிட மிகக் குறைந்த சத்தத்தில் வாசிக்கச் சொல்லியிருப்பதும், நிலைத்த சுருதி கொண்ட செலஸ்டாவுக்கு 2, 4 என்ற வம்பில்லாத மடங்குகளை மட்டும் கொடுத்திருப்பதும் யோசித்துச் செய்தவை என்பது என் கட்சி. ஐந்தாவது மடங்கின் இயற்கையான காந்தாரம் பியானோ வகைச் சுருதியைவிடச் சற்றே தாழ்ந்தது. குழல்காரர் உதட்டைக் கொஞ்சம் திருப்பி அதைச் சரிசெய்துகொள்ளலாம். செலஸ்டா என்ன செய்யும், பாவம்?

ஓவியத்தில் இதற்கு ஒரு முன்னோடியைப் பலரும் சொல்வார்கள்: ஜார்ஜ் செரா. 1886இல் முடித்த ‘கிராந்த் ஜாத்’ ஓவியத்தில் வண்ணங்களைத் தட்டில் குழைக்காமல் புள்ளி புள்ளியாக அருகருகே வைத்தார். தள்ளி நின்றால் கண்ணிலேயே கலந்துகொள்ளும். ராவெல் செய்ததும் அதுதானே என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இயற்பியலாகப் பார்த்தால் விஷயம் தலைகீழ்.

கண்ணில் வண்ணம் பிரிக்க மூன்றே வகைக் கூம்பு செல்கள். தூரத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிட்டால், உள்ளே என்னென்ன இருந்தது என்பதைப் பிரித்தெடுக்கக் கண்ணால் முடியாது. தகவல் அங்கேயே தொலைந்துவிட்டது. காது அப்படியல்ல. காக்ளியா என்ற உள்காதின் நத்தைக் கூட்டுக்குள் சுருண்டு கிடக்கும் சுமார் 35 மில்லிமீட்டர் சவ்வில் உயர்ந்த சுரம் ஒரு முனையில், தாழ்ந்த சுரம் மறுமுனையில் என்று தனித்தனியாக அதிர்கிறது. ஹார்னும் இரண்டு பிக்கோலோவும் வெவ்வேறு இடங்களில் பத்திரமாகப் பதிவாகிவிடுகின்றன. மூளைக்கு எல்லாத் தகவலும் கையில் இருக்கிறது. இருந்தும் ‘இதெல்லாம் ஒரே ஆள்’ என்று முடிவு கட்டுகிறது. கண் கலப்பது இயலாமையால். காது கலப்பது தீர்ப்பால்.

தீர்ப்பு என்பதால் மாற்றவும் முடியும். வீட்டில் ஆடாசிட்டி மென்பொருளில் ஐந்து டிராக்கில் 250, 500, 750, 1000, 1250 ஹெர்ட்ஸ் ஒலிகளைப் போடுங்கள். மேலே போகப் போக சத்தத்தைக் குறையுங்கள். ஒரே ‘ம்ம்ம்’ கேட்கும். இப்போது 750ஐ மட்டும் 780 ஆக்குங்கள். அந்த ஒன்று கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு தனியாக விசிலடிக்கும். என் மகளுக்குச் செய்து காட்டியபோது “அப்பா, யாரோ உள்ள வந்துட்டாங்க” என்றாள்.

ராவெலுக்கு இந்த யோசனைக்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டிருக்காது. பிரெஞ்சு தேவாலய ஆர்கன்களில் ‘கார்னெட்’ என்று ஒரு அமைப்பு நூற்றாண்டுகளாக உண்டு. கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினால் ஐந்து குழாய்கள் ஊதும், 1, 2, 3, 4, 5 என்ற அதே மடங்குகளில். அதை வேர்க்கும் மூச்சுவிடும் மனிதர்களைக் கொண்டு மறுபடி கட்டியதுதான் ராவெலின் குறும்பு. ஏழு வருடம் கழித்து, 1935இல், அமெரிக்காவில் ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கன் கடைக்கு வந்தது. மடங்குகளை இழுத்துக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகளோடு. ஆக, வாசகர் காதில் விழுந்தது கீபோர்டுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

இடையில் ஒரு புலம்பல். அதிர்வெண் என்று எழுதினாலே ‘432 ஹெர்ட்ஸ்தான் பிரபஞ்சத்தின் சுருதி, நோய் தீர்க்கும்’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிவிடுகிறார்கள். ஐயா, மேற்கத்திய இசையில் ‘ஏ’ சுரம் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதை பிரபஞ்சம் முடிவு செய்யவில்லை. 1859இல் பிரெஞ்சு அரசு ஒரு கமிட்டி போட்டு 435 என்றது. 1939இல் லண்டனில் கூடிப் பேசி 440 ஆக்கினார்கள். கமிட்டி முடிவுக்கு எதற்குக் கற்பூரம்?

அந்த பிரெஞ்சு அரசை இன்னொரு விஷயத்துக்குப் பாராட்டவேண்டும். 1977இல் பாரிஸின் பொம்பிது மையத்தை ஒட்டி ‘இர்காம்’ என்ற நிறுவனத்தைத் திறந்து இசைக்காரரையும் விஞ்ஞானியையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜெரார் க்ரிஸே என்ற இசையமைப்பாளர், ட்ராம்போனின் ஒற்றைச் சுரத்தை மடங்கு மடங்காகப் பிரித்து ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பங்கிட்டு ‘பார்சியெல்’ எழுதியிருந்தார். ராவெலின் அந்த ஒரு நிமிடத்தை முழு உருப்படியாக விரித்தது போல. மிருதங்கத்தின் மேற்சுரங்களைப் பற்றி சி.வி.ராமன் 1920இலேயே எழுதிய நாடு நம்முடையது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போக ஒரு சின்ன நிதி, ஒரு அறை, கொஞ்சம் மைக்குகள் போதும். கேட்டால் ‘இதனால் என்ன பயன்’ என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.

கடைசியாக வாசகருக்கு ஒரு யோசனை. சில பதிவுகளில் இந்த மாயம் பலிக்காது. பிக்கோலோக்கள் ஒரு பங்கு ஓங்கிவிட்டால் மூளை தீர்ப்பை மாற்றிக்கொள்ளும், மூன்று பேர் மூன்று சுருதியில் சண்டை போடுவது மாதிரி இருக்கும். நான் பொலேரோவை நேரில் கேட்டது ஒரே ஒரு முறை. ஆசைப்பட்டு முன்வரிசையில் டிக்கெட் எடுத்தேன். ஹார்ன் எங்கோ ஒரு மூலையில், குழல்கள் நேர் எதிரே. இரண்டு காதுக்கும் திசை தெளிவாகத் தெரிந்ததால் ஒன்பதாவது தடவை வந்தபோது கீபோர்டு வரவேயில்லை, கீச்சுக் கீச்சென்று இரண்டு குருவிகள்தான். வெளியே வந்தபோது பால்கனியின் கடைசி வரிசையிலிருந்து இறங்கிய நண்பன், “டேய், நடுவுல ஒரு ஆர்கன் வந்துச்சே, பார்த்தியா?” என்றான். என் டிக்கெட் விலையில் பாதிகூட இல்லை அவனுடையது.