வலையமைப்பு: நெட்வொர்க் என்ற சொல்லும் அதன் வகைகளும்

நெட்வொர்க் என்ற ஆங்கிலச் சொல் கணினியைவிட நானூறு ஆண்டுகள் மூத்தது. 1560-இல் வெளிவந்த ஜெனீவா விவிலியம் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில், பலிபீடத்துக்குச் செய்ய வேண்டிய பித்தளைச் சல்லடையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அது வருகிறது. வலைபோலப் பின்னிய வேலைப்பாடு என்பதுதான் அங்கே பொருள். 1755-இல் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் இதற்குத் தந்த விளக்கம் பெயர் பெற்றது. சம இடைவெளிகளில் ஒன்றையொன்று வெட்டிச் செல்வது, வெட்டும் இடங்களுக்கு நடுவே சந்து விட்டிருப்பது என்கிற ரீதியில் போகும் அதைப் படித்தால், வலையை நன்றாகத் தெரிந்தவருக்கே சந்தேகம் வந்துவிடும். அப்புறம் ஆறுகள், கால்வாய்கள், ரயில் பாதைகள், தொலைபேசிக் கம்பிகள், வானொலி நிலையங்கள் என்று கிளைவிட்டுச் சேரும் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் பரவியது. கணினி வந்து சேர்ந்தது கடைசியில்தான்.

தமிழில் இதற்கு வலையமைப்பு, பிணையம், வலைப்பின்னல் என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. பிணை என்ற வேரிலிருந்து வந்த பிணையம் சிறிய சொல். கூட்டுச்சொல் ஆக்கவும் வசதி. ஆனால் 'பிணையம் இல்லாக் கடன்' என்று வங்கி விளம்பரத்தில் படிக்கிறோம். இலங்கைச் செய்தித்தாள்களில் கைதானவர்கள் பிணையில் விடுதலை ஆகிறார்கள். ஈடு, ஜாமீன் என்ற பொருள் அந்த வேரில் ஊறிப்போயிருக்கிறது. வலைப்பின்னல் காதுக்கு இனிமைதான், ஆனால் பின்னும் செயலையே அதிகம் நினைவூட்டுகிறது. வலையமைப்பில் வலையும் இருக்கிறது, அமைப்பும் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாணவர்களுக்குப் பழகிய சொல்லும் அதுதான். என் தேர்வு அதுவே.

வலையமைப்பு உருவாக இரண்டு கருவிகள் போதும். அவற்றுக்கு நடுவே கம்பியோ ரேடியோ அலையோ ஓர் இணைப்பு வேண்டும். இரண்டும் ஒப்புக்கொண்ட பேச்சுமுறை வேண்டும். அந்தப் பேச்சுமுறைக்கு நெறிமுறை என்று பெயர். இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு வழி பார்த்து அனுப்பும் ரவுட்டர், தமிழில் திசைவி. அனுப்பும் தகவல் மொத்தமாகப் போவதில்லை. சிறு துண்டுகளாக, ஒவ்வொன்றும் போய்ச்சேர வேண்டிய முகவரியைச் சுமந்துகொண்டு போகிறது. அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர் வைத்தவர் பிரிட்டிஷ் கணினி அறிஞர் டொனால்ட் டேவிஸ். 1960-களின் நடுவில், மற்ற மொழிகளுக்கும் எளிதில் போகக்கூடிய சொல்லாக இருக்கட்டும் என்று ஒரு மொழியறிஞரிடம் கேட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். தமிழில் அது பொதி என்றும் பொட்டலம் என்றும் அழகாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

வகைகளுக்கு வருவோம். லேன் (LAN), மேன் (MAN), வேன் (WAN) மூன்றையும் தூரத்தை வைத்துப் பிரிப்பதுதான் பாடநூல் வழக்கம். அதை ஒட்டியே லேன் இங்கே குறும்பரப்பு வலையமைப்பு ஆனது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. லேனை லேன் ஆக்குவது முக்கியமாக உரிமை. ஒரு வீடு, அலுவலகம், கல்லூரி தன் இடத்துக்குள் தானே கம்பி இழுத்து, கம்பிகளை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச் என்ற கருவியைத் தானே வாங்கி வைத்து நடத்துவது அது. பெரிய பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் அது பல கிலோமீட்டர்கூடப் போகலாம். இலங்கைப் பாடநூல்களின் 'இடத்துரி' என்ற சொல்லில் இந்த உரிமை தானாகவே வந்துவிடுகிறது: இடத்துக்கு உரியது. கொஞ்சம் கரடுமுரடாக ஒலித்தாலும் பொருளில் அதுவே நெருங்கி நிற்கிறது. அதற்காகக் குறும்பரப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, நிலைத்துவிட்ட சொல். லேனில் இன்று பெரும்பாலும் ஓடுவது 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் முன்வைத்த ஈதர்நெட் என்ற கம்பிவழி இணைப்பு முறையும், கம்பியில்லாத வைஃபையும். சாதாரண செம்புக் கம்பியில் ஈதர்நெட்டுக்கு ஒரு இழுப்புக்கு 100 மீட்டர் என்பது வரையறை. அதைத் தாண்டினால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும், அல்லது கண்ணாடி இழைக்கு மாற வேண்டும்.

வேன் என்கிற விரிபரப்பு வலையமைப்பில் கதை வேறு. மாவட்டம் மாவட்டமாகப் பிரிந்து கிடக்கும் லேன்களை இணைக்க, பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் தடத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களை இணைக்கும் டிஎன்ஸ்வான் (TNSWAN) இந்த வகை. மாநில அரசின் எல்காட் நிறுவனம் அதை நடத்துகிறது. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்கடியில் கிடக்கிறது. விரிபரப்பு என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல படம் வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே மேன், பெருநகர வலையமைப்பு. ஒரு நகர் முழுக்கக் கிளை பரப்பும் கேபிள் டிவி இணைப்பை வழக்கமாக உதாரணம் காட்டுவார்கள். நடைமுறையில் யாரும் அந்தப் பெயரை அதிகம் சொல்வதில்லை. கைபேசியும் ப்ளூடூத் ஹெட்செட்டும் பேசிக்கொள்ளும் பத்து மீட்டர் அளவிலான உறவு பேன் (PAN), தனியாள் வலையமைப்பு.

இன்டர்நெட்டை இந்த வரிசையில் இன்னொரு வகையாகச் சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் உலகத்து வலையமைப்புகள் பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று இணைந்ததே அது. 'வலையமைப்புகளுக்கு இடையே' என்ற பொருள்கொண்ட இன்டர்நெட்வொர்க் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமான இன்டர்நெட், இணைய முன்னோடிகளில் ஒருவரான வின்ட் செர்ஃப் குழுவினர் 1974-இல் எழுதிய நெறிமுறை ஆவணத்திலேயே இருக்கிறது. தமிழில் இணையம் என்ற சொல்லை ஆக்கியவராகச் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியைச் சொல்வார்கள். இணைவதையே பெயராக்கிய அந்தச் சொல் மூலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது.

'வைஃபை இருக்கு, நெட் வரல' என்று வீட்டில் சொல்கிறோம் அல்லவா, அது சரியான வாக்கியம்தான். வீட்டு லேன் நன்றாக ஓடுகிறது, திசைவிக்கு வெளியே இணையத்துக்குப் போகும் தடம் அறுந்திருக்கிறது. அப்போதும் அதே வைஃபையில் இருக்கும் பிரிண்டருக்குக் கைபேசியிலிருந்து அச்சுக்கு அனுப்பலாம்.