கடைசிக்கு முந்தின கார்டு

களியக்காவிளையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன். போன ஞாயிறு பாமாலை முடியும் இடத்தில், கடைசிக்கு முந்தின கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை) ஜாஸ் முறையில் மாற்றிப் பிடித்தேன். கொயரில் பேஸ் என்ற அடிக்குரல் பாடும் என் பாட்டா, 'மக்களே, கட்டை மாறிப் போச்சே' என்று வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். எனக்கு அது தேனாக இருந்தது. யார் காது சரி?"

நானும் குமரி மாவட்டத்துக் கொயர் ஒன்றில் சோல்ஃபா என்ற எழுத்துக் குறிப்பைப் பார்த்து டெனார் குரல் பாடி வளர்ந்தவன். அதனால் இந்தக் கேள்வியை விட மனம் வரவில்லை.

அடிப்படை தெரிந்ததுதான். அதிர்வெண் இரண்டு மடங்கானால் மேல் ஸ. கீபோர்டில் அந்த இடைவெளி 12 சம படிகள். சுருதி ஒரு கட்டை, அதாவது கீபோர்டின் சி, என்று வைத்துக்கொள்வோம். ஸ–க–ப சேர்ந்தால் பாட்டு ஓய்வெடுக்கும் வீடு. பாமாலை முடியும்போது ப–நி–ரி–ம என்ற நான்கு சுரக் கார்டு வந்து, அந்த வீட்டுக்குள் இறங்கும். கீபோர்டுகாரர்கள் ஜி செவன் என்பது இதைத்தான்.

இந்தக் கார்டுக்குத் தவிப்பைக் கொடுப்பது நி, ம என்ற இரண்டு சுரங்கள். நி ஒரு படி ஏறி ஸ ஆகத் துடிக்கும். ம ஒரு படி இறங்கி க ஆகத் துடிக்கும். இரண்டுக்கும் நடுவே சரியாக 6 படி. இந்த இடைவெளியின் பெயர் ட்ரைடோன். 12இல் பாதி என்பதால் இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு: நி-யிலிருந்து மேலே 6 எண்ணினால் ம, ம-விலிருந்து மேலே 6 எண்ணினால் மறுபடியும் நி. கண்ணாடியில் பார்த்தாலும் அதே முகம். ஆகவே இந்த ஜோடியைச் சுமக்கும் செவன்த் கார்டு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ப-வில் நிற்பது. இன்னொன்று அதிலிருந்து 6 படி தள்ளி, சுத்த ரிஷபத்தில், அதாவது ஸ-வுக்கு அடுத்த படியில் உள்ள ரி-யில், நிற்பது. தவிப்பு அதேதான், அடித்தளம் மட்டும் வேறு. மாணவர் பிடித்தது இந்த இரண்டாவது கார்டை. ஜாஸில் இதை ட்ரைடோன் மாற்று என்பார்கள்.

சரி, அந்த இரண்டாவது கார்டில் என்னென்ன சுரங்கள் இருக்கின்றன? சுத்த ரிஷபம் (ரி), சுத்த மத்யமம் (ம), சுத்த தைவதம் (த), காகலி நிஷாதம் (நி). இவற்றோடு வீட்டுக் கார்டின் ஸ, அந்தர காந்தாரம் (க), ப மூன்றையும் சேருங்கள். மாயாமாளவகௌளை! பாட்டு வகுப்பில் முதல் நாள் சரளி வரிசையில் குழந்தை பாடும் அதே ஏழு சுரங்கள், ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த ராகத்தை ஸ–க–ப, ரி–ம–த–நி என்று இரண்டாகப் பிரித்தால் முதலாவது வீடு, இரண்டாவது ஜாஸ்காரர்களின் மாற்றுக் கார்டு. ரி ஒரு படி இறங்கினால் ஸ, ம ஒரு படி இறங்கினால் க, த ஒரு படி இறங்கினால் ப, நி ஒரு படி ஏறினால் ஸ. நான்கு பேரும் வாசற்படியிலேயே நிற்கிறார்கள். இதை முதன்முதலாகக் கீபோர்டில் எண்ணிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கர்நாடக இசை இந்தச் சுரங்களை அடுக்கிக் கார்டு கட்டுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகக் கமகத்தோடு நடத்துகிறது. ஆனாலும் இழுப்பு அதே இழுப்புதான்.

1940களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி போன்றவர்கள் பீபாப் என்ற புது ஜாஸ் பாணியை வளர்த்தபோது இந்த மாற்றைத் தாராளமாகக் கையாண்டார்கள். மூத்த தலைமுறையின் லூயி ஆம்ஸ்ட்ராங் பீபாப்பை வெளிப்படையாகவே குறை சொன்னார். அவரே முந்தைய தலைமுறைக்குப் புதுமை காட்டியவர்! ஐரோப்பாவிலும் இதே கதைதான். இடைக்காலத்தில் பாட்டை ஸ–ப சேர்க்கையில்தான் முடிப்பார்கள். க சேர்ந்தால் ஓய்வு கிடைக்காது என்று கருதினார்கள். பிறகு க வீட்டுக்குள் வந்தது. ஜாஸில் நி-யும் வந்து உட்கார்ந்துவிட்டது.

காது இப்படி மாறுவதற்குக் காரணம் மூளையின் எதிர்பார்ப்பு. 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள், இசை கற்காதவர்களுக்குக் கார்டு வரிசைகளைப் போட்டுக் காட்டி மூளை மின்னலைகளைப் பதிந்தார்கள். எதிர்பாராத கார்டு வந்ததும் கால் நொடிக்குள் மூளை திடுக்கிட்டது; அதே கார்டு வரிசையின் முடிவில் வந்தபோது திடுக்கிடல் இன்னும் பெரிது. அவர்கள் வைத்த கார்டு எது தெரியுமா? ரி–ம–த. நம் கார்டில் நி மட்டும் குறைவு! பாட்டாவின் மூளை அறுபது வருடமாக ப–ஸ, ப–ஸ என்று பாடிக் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. பேரன் இளையராஜா, ரஹ்மான், அந்தப் பக்கம் மலையாளப் பாட்டு, அப்புறம் கைப்பேசியில் உலகமே கேட்டு வேறு கணக்கு எழுதியிருக்கிறான். பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்கள், இனிமை என்று நாம் சொல்லும் கார்டையும் ஒவ்வாதது என்று சொல்லும் கார்டையும் ஒரே அளவு விரும்பினார்கள் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தம்பூராவும் பாமாலையும் செண்டையும் ஒரே தெருவில் கேட்கும் எங்கள் எல்லைப்புறத்தைப் போல இந்த ஆய்வுக்கு வாகான இடம் குறைவு. இந்த ராகம் சர்க்கரையைக் குறைக்கும், அந்த ராகம் பயிரை வளர்க்கும் என்று ஆதாரமில்லாமல் சுற்றுகிற பேச்சுக்குக் காது கொடுக்கிறோம். அந்தக் கவனத்தையும் பணத்தையும் ஒரு எளிய மின்னலைக் கருவிக்கும் நான்கு மாணவர்களுக்கும் கொடுத்தால் என் மனம் குளிரும்.

ஆனால் தம்பி, உங்கள் பாட்டாவின் புகாரில் பழக்கம் மட்டும் இல்லை, பௌதிகமும் இருக்கிறது. நீங்கள் மாற்றுக் கார்டைப் பிடித்தபோது அவர் தன் பார்ட்டில் உள்ளபடி ப பாடியிருப்பார். அது நொடிக்கு 196 அதிர்வு. உங்கள் கார்டின் சுத்த தைவதம் கிட்டத்தட்ட 208. இரண்டும் சேர்ந்தால் ஒலி நொடிக்கு 12 தடவை பொங்கி அடங்கும். காதுக்கு அது கரகரப்பு. மோதலைத் தன் தொண்டையிலேயே உணர்ந்துதான் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறுக்கு முன் அவர் தாளில் அந்த ப-வை அடித்துவிட்டு, ஸ-வுக்கு ஒரு படி மேலே உள்ள ரி-யை எழுதிக் கொடுங்கள். ரி-யிலிருந்து ஸ-வுக்கு அவரே உங்களை இறக்கிக் கூட்டிப் போகட்டும்.