முன்பெட்டிக்காரர் ஒன்று சொல்வார், பின்பெட்டிக்காரர் வேறு சொல்வார்

வன்னியில் ரோலர் கோஸ்டர் இல்லை. திருவிழாவை ஒட்டி வரும் கானிவேலில் ராட்டினம் இருக்கும், மரணக் கிணறு இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பரந்தனிலும் ஒட்டுசுட்டானிலும் இருக்கும் வீடுகளுக்கு ரோலர் கோஸ்டர் பற்றிய செய்திக்குப் பஞ்சமில்லை. ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகனும் மருமகளும் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் கனடாஸ் வொண்டர்லாண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வந்து தொலைபேசியில் கதை கதையாகச் சொல்வார்கள். ஒருவர் ‘ஒண்டுமில்லை, சும்மா காத்து வாங்கினதுதான்’ என்பார். அதே ஓட்டத்தில் நாலு பெட்டி தள்ளி இருந்தவர் ‘உயிர் போய்த் திரும்பி வந்தது’ என்பார். காலையில் ஏறியவர் சொல்வதும் பின்னேரம் ஏறியவர் சொல்வதும் ஒத்துவராது.

இவர்களில் யாரும் புளுகவில்லை. எந்த இருக்கை, எந்த நேரம், எந்தச் சில்லு என்று விசாரித்தால் ஒவ்வொரு கதைக்கும் காரணம் அகப்பட்டுவிடும்.

அடிப்படையை முதலில் பார்ப்போம். சங்கிலியால் ஏற்றப்படும் ரோலர் கோஸ்டரின் பெட்டிகளில் எஞ்சின் கிடையாது. முதல் ஏற்றத்தில் பாதையின் நடுவே ஓடும் தடித்த சங்கிலி, பெட்டியின் அடியில் உள்ள கொக்கியைப் பிடித்து உச்சிவரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். திரும்பி வந்து சேரும்வரை கையில் இருக்கும் முதலீடு அந்த உயரம் மட்டுமே. ஏறும்போது கேட்கும் ‘டக் டக்’ சங்கிலியின் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியின் அடியில் உள்ள இரும்பு நாக்கு ஒன்று பாதையோரப் பற்களில் ஒவ்வொன்றாக விழும் சத்தம் அது. சைக்கிளில் பெடலை நிறுத்தியதும் பின்சில்லின் பிறீவீலில் கேட்கும் சத்தமும் இதே வகைதான். சங்கிலி அறுந்தாலும் பெட்டி ஒரு பல்லுக்கு மேல் பின்னால் வழுகாது.

வொண்டர்லாண்டில் 2012 இல் திறந்த லெவியாதன் என்ற ரோலர் கோஸ்டரின் உயரம் 93 மீற்றர். 25 மீற்றர் பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டால் நாலாவது பனையின் வட்டுக்குக் கிட்டவரை போகும். அந்த உயரத்திலிருந்து எந்தத் தடையும் இல்லாமல் இறங்கும் பொருளின் வேகத்தைக் கணக்கிட, உயரத்தை 9.8 ஆலும் பிறகு 2 ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கவேண்டும். விடை செக்கனுக்கு 42.7 மீற்றர், அதாவது மணிக்கு 154 கிலோமீற்றர். பூங்கா அறிவித்திருக்கும் வேகம் மணிக்கு 148. இடையில் உள்ள 6 கிலோமீற்றரைக் காற்றும் சில்லுகளின் உராய்வும் தின்றுவிட்டன. உயரக் கணக்கில் அது ஏழு மீற்றர் நட்டம். ஒவ்வொரு இறக்கத்திலும் இப்படிச் சில மீற்றர் கழிவதால்தான் அடுத்தடுத்த மேடுகள் பதிந்துகொண்டே போகின்றன.

2025 இல் அங்கே திறந்த அல்பன்ஃபியூரி என்ற ரோலர் கோஸ்டருக்குச் சங்கிலி ஏற்றம் இல்லை. காந்தத்தால் உந்தித் தள்ளும் முறை. சாதாரண மின்மோட்டாரின் சுருள்களை வெட்டி நீட்டிப் பாதை நெடுகப் பதித்தால் எப்படியோ அப்படி. சுருள்களில் மின்சாரம் அடுத்தடுத்துப் பாயப் பாய, பெட்டியில் உள்ள காந்தம் முன்னே இழுபடும். மணிக்கு 115 கிலோமீற்றர், ஒன்பது தலைகீழ்த் திருப்பங்கள். ஆனால் தள்ளி முடிந்த பிறகு இதுவும் மற்றவற்றைப் போலக் கைவசம் உள்ள வேகத்தைச் செலவழித்துத்தான் ஓடுகிறது.

இனி இருக்கைச் சண்டைக்கு வருவோம். ஏ35 வீதியில் பஸ்சின் கடைசிச் சீற்றில் போனவர்களுக்கு மதகு ஒன்றைத் தாண்டும்போது தலை கூரையில் முட்டிய அனுபவம் இருக்கும். ரோலர் கோஸ்டரிலும் கடைசிப் பெட்டிதான் தூக்கி அடிக்கும். காரணம் மட்டும் வேறு. பஸ்சில் பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி துலாவின் நுனியைப் போல, சில்லு கொஞ்சம் எழும்பினாலே கூடுதலாக எழும்பும். ரோலர் கோஸ்டரின் எல்லாப் பெட்டிகளும் ஒரே பாதையில், ஒரு கணத்தில் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. வேறுபடுவது எந்தப் பெட்டி எந்த வேகத்தில் உச்சியைக் கடக்கிறது என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்டித் தொடர் 15 மீற்றர் நீளம், மேட்டின் இரு பக்கமும் 45 பாகை சரிவு, சங்கிலியின் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர் என்று வையுங்கள். முன்பெட்டி உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கினாலும் தொடரின் பாதிப் பாரம் இன்னும் பின்சரிவில்தான் கிடக்கிறது. சங்கிலியும் பிடியை விடவில்லை. ஆகவே முன்பெட்டி செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் விளிம்பில் தொங்கிக்கொண்டு கீழே பார்க்கும். தொடரின் நடுப்பகுதி உச்சியைத் தாண்டிய பிறகுதான் பாரம் முன்பக்கம் சாயும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும் நேரத்தில் தொடரின் ஈர்ப்பு மையம் இன்னும் 2.65 மீற்றர் இறங்கியிருக்கும். அப்போது வேகம் செக்கனுக்கு 7.5 மீற்றர். முன்பெட்டி மணிக்கு 7 கிலோமீற்றரில் கடந்த அதே இடத்தைக் கடைசிப் பெட்டி 27 இல் கடக்கிறது. முன்னால் இருப்பவருக்குக் காட்சியும் காற்றும். பின்னால் இருப்பவருக்குக் கயிறு கட்டி இழுத்துக் கிணற்றுக்குள் போட்ட உணர்வு.

இது முதல் இறக்கத்துக்கு. வழியில் வரும் சிறு மேடுகளில் கதை கொஞ்சம் மாறும். தொடரின் நடு உச்சியில் நிற்கும்போதுதான் முழுத் தொடரின் வேகமும் ஆகக் குறைவு. முன்பெட்டி அதற்கு முன்பே, வேகம் குறைந்து முடியாத நிலையில் உச்சியை அடைகிறது. கடைசிப் பெட்டி அதற்குப் பிறகு, வேகம் திரும்பக் கூடத் தொடங்கியதும் அடைகிறது. அதனால் முன்னால் இருப்பவர் மேடு ஏறி முடிக்கும் இடத்தில் எழும்புவார், பின்னால் இருப்பவர் இறங்கத் தொடங்கும் இடத்தில் எழும்புவார். நடுப்பெட்டிக்காரருக்கு மேடுகள் மெதுவாகத்தான் தெரியும். ஆனால் பள்ளங்களில் அவருக்குத்தான் கூடுதல் அழுத்தம். தொடர் முழுவதும் ஆகக் கீழே இறங்கி, வேகம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் பள்ளத்தின் அடியில் இருப்பது நடுப்பெட்டி.

சின்ன வேக வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிவது ஏன்? உடம்பை எழுப்பும் விளைவு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 15 மீற்றர் ஆரையுள்ள மேட்டைச் செக்கனுக்கு 12 மீற்றரில் கடந்தால் உடம்பின் பாரம் கிட்டத்தட்டப் பூச்சியம், இருக்கையில் மிதப்பீர்கள். அதே மேட்டை 14 மீற்றரில் கடந்தால் உங்கள் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு விசையோடு தொடைக்கம்பி உங்களைக் கீழே பிடித்து வைத்திருக்க வேண்டும். ‘வயிறு வாய்க்கு வந்தது’ என்று சொல்வது இந்த இடத்தைத்தான். குடலும் இரைப்பையும் வயிற்றறைக்குள் ஓரளவு தளர்வாகத் தொங்குபவை. இருக்கை உங்களைத் தாங்காத கணத்தில் அவையும் தாங்கலை இழக்கின்றன.

பின்னேரம் வேகம் கூடுகிறது என்பதும் மனப்பிரமை இல்லை. பெட்டியின் பாரத்தைத் தாங்கும் சில்லுகளுக்கு வெளிப்புறத்தில் பொலியூரித்தேன் பூச்சு உண்டு. குளிரில் அது இறுகிச் சோம்பும். ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும்போது கூடுதல் சக்தியைத் தின்னும். வெயிலும் ஓட்டமும் சேர்ந்து சூடேறியதும் அந்த நட்டம் குறையும், போல்பெயரிங்கில் உள்ள கிறீஸும் இளகும். ஆட்கள் நிறைந்த தொடர் வெறுந்தொடரைவிட வேகமாக ஓடும். காற்றுத்தடை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் பாரமானதை மெதுவாக்க அதே தடை போதாது. காலைச் சோதனை ஓட்டத்தில் சில பூங்காக்கள் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை இருத்தி அனுப்புவது இதனால்தான். எதிர்க்காற்று வேறு. ஆடிச் சோளகத்தில் சைக்கிள் மிதித்தவருக்கு விளக்கத் தேவையில்லை. காற்றுப் பலமாக வீசினால் ஓட்டத்தையே நிறுத்துவார்கள், ஏனென்றால் வேகம் போதாத தொடர் அடுத்த மேட்டைத் தாண்டமாட்டாமல் இரண்டு மேடுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஆடி நின்றுவிடும். பிறகு வின்ச் போட்டு இழுக்கவேண்டும், சில வேளை கிரேன் வைத்துப் பெட்டி பெட்டியாகக் கழற்றவேண்டும்.

தலைகீழாகப் போவதுதான் பயங்கரம் என்று ஏறாதவர்கள் நினைப்பார்கள். ஏறியவர்கள் பெரும்பாலும் எதிர்மாறாகச் சொல்வார்கள்: ‘மேல ஒண்டும் தெரியேல்லை, கீழ வரேக்கதான் கண் இருட்டினது.’ தண்ணீர் வாளியைக் கையில் சுழற்றும் பிள்ளைக்கு இதில் பாதி தெரியும். வேகம் போதுமானால் தண்ணீர் வாளியின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள்காரருக்குச் சுவரே நிலமாவதும் இதே கணக்கு. ஆரை 5 மீற்றர், ரயருக்கும் பலகைக்கும் உராய்வுக் குணகம் 0.7 என்றால் அவர் மணிக்கு 30 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடவேண்டும். அவர் உடம்பு தன் பாரத்தைப்போல் 1.7 மடங்கை உணரும்.

வளையம் சரி வட்டமாக இருந்தால் சிக்கல் கீழேதான். உச்சியில் பாரம் பூச்சியமாகும்படி ஓடினால், இறங்கி வரும்போது அடியில் பாரம் ஆறு மடங்காகும். வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் இந்த ஆறு மாறாது. ஐந்து கிலோ தலை முப்பது கிலோவாகக் கழுத்தில் இறங்கும். 1895 இல் நியூயோர்க்கின் கோனி ஐலன்டில் ஓடிய ஃபிளிப் ஃபிளாப் வட்ட வளையம் கொண்டது. கழுத்து நோவோடு இறங்கியவர்களே அதற்கு விளம்பரமானார்கள், கெட்ட விளம்பரம். 1976 இல் கலிபோர்னியாவில் திறந்த ரெவலூஷன்தான் இதற்கு நிலையான வழி காட்டியது. அதன் வளையம் கண்ணீர்த்துளி வடிவம். அடியில் வளைவு அகலம், வேகம் அதிகம். உச்சியில் வளைவு இறுக்கம், வேகம் குறைவு. நேர்ப்பாதையிலிருந்து திருப்பத்துக்குத் தண்டவாளத்தைச் சிறுகச் சிறுக வளைத்துக் கொண்டுபோக ரயில்பாதைப் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் அதே வளைகோடுதான் இங்கே நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது.

கண் இருட்டுவது இரத்தம் காலுக்கு இறங்குவதால். சிறிது நேரம் நீடிக்கும் நாலு மடங்கு பாரத்தில் நிறம் மங்கி ஓரக்காட்சி மறையும். பாதை நிமிர்ந்ததும் சரியாகிவிடும்.

‘தலை அங்கையும் இங்கையும் இடிச்சுது’ என்பவரின் முறைப்பாட்டைச் சில்லுகளிடம் கேட்கவேண்டும். ஒவ்வொரு முனையிலும் மூன்று வகைச் சில்லுகள் உண்டு: தண்டவாளத்தின் மேலே ஓடுவது, பக்கவாட்டில் அணைப்பது, அடியிலிருந்து பிடிப்பது. 1919 இல் ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜோன் மில்லர் காப்புரிமை பெற்ற அந்த அடிச்சில்லு இல்லாவிட்டால் மேட்டில் பெட்டியே பறந்துவிடும். பக்கச் சில்லு தேய்ந்து இடைவெளி கூடினால் பெட்டி தண்டவாளத்துக்கு இடையில் தட்டித் தட்டி ஓடும். ஒரே இடத்தில் நெடுநேரம் நின்ற சில்லில் தட்டைப் பகுதி விழுந்தால் சீரான ‘தட தட’ கேட்கும். எல்லாச் சில்லும் நன்றாக இருந்தும் இடித்தால் பிழை வடிவமைப்பில். நல்ல பாதை தண்டவாளத்தைச் சுற்றிப் புரளாது, பயணியின் நெஞ்சைச் சுற்றிப் புரளும். தண்டவாளத்தை அச்சாக வைத்தால் தலை பெரிய வட்டம் போட்டு வீசப்படும்.

ஆகக் கூடுதலாகத் திட்டு வாங்குவது ‘நடுவழியில் நிப்பாட்டிப்போட்டாங்கள்’ என்பதற்குத்தான். உண்மையில் இதுதான் முழு அமைப்பிலும் நம்பத்தக்க பகுதி. ஒற்றைத் தண்டவாள ரயில்பாதையில் ‘டப்லட்’ என்ற அனுமதி வில்லை கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த நிலையத்துக்குப் போகமுடியாது என்ற பழைய ஏற்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ரோலர் கோஸ்டர் பாதையும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரு தொடர்தான் நிற்கலாம். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் தொடரை முழுதாக நிறுத்தக்கூடிய பிறேக்கோ சங்கிலி ஏற்றமோ இருக்கவேண்டும். மூன்று தொடர் ஓடினால் குறைந்தது நாலு துண்டு வேண்டும். நிலையத்தில் ஒருவர் பையை வைக்க இடம் தேடிக்கொண்டு நின்றால், பட்டியை இழுக்கத் தெரியாமல் தடுமாறினால், பின்னால் வரும் தொடர் பிறேக்கில் காத்திருக்கும், அதற்குப் பின்னால் வருவது ஏற்றத்தின் நடுவில் நிற்கும். வானத்தைப் பார்த்துக்கொண்டு தொங்குபவர் இயந்திரம் பழுது என்று நினைப்பார். தாமதம் நிலையத்தில் நடந்தது.

இந்த நிறுத்தத்தை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆல்ரன் ரவர்ஸ் பூங்கா சாட்சி. 2015 ஜூன் 2 இல் ஸ்மைலர் என்ற ரோலர் கோஸ்டரில் வெறுமையாக அனுப்பிய சோதனைத் தொடர் ஒன்று மேட்டைத் தாண்டாமல் பாதையில் நின்றது. கட்டுப்பாட்டுக் கணினி, ஆட்களோடு வந்த அடுத்த தொடரைச் சரியாகவே நிறுத்தியது. கணினிதான் பிழை என்று நினைத்து அதை மீறி அனுப்பினார்கள். மோதலில் 16 பேர் காயமடைந்தார்கள், இருவர் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு நடத்துநர் நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுண்ட் தண்டம்.

கடைசிப் பிறேக் பெரும்பாலும் காந்தம். பாதையில் உள்ள காந்தங்களுக்கு நடுவே பெட்டியின் செப்புத்தகடு புகும்போது (சில பாதைகளில் காந்தம் பெட்டியில், தகடு பாதையில்) தகட்டில் எழும் சுழல் மின்னோட்டம் அதைப் பின்னே இழுக்கும். பழுதான கணினியின் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் காந்தத்தைக் கழற்றி, சரித்துப் பிடித்த தடித்த அலுமினியத் தகட்டில் வழுக விட்டுப் பாருங்கள், தேனில் இறங்குவதுபோல் இறங்கும். மின்சாரம் நின்றாலும் இந்தப் பிறேக் வேலை செய்யும், தேயவும் தேயாது. ஒரு குறை: வேகம் குறையக் குறைய இழுவையும் குறையும். முழுதாக நிறுத்த உராய்வுப் பிறேக் தேவை. அதுவும் காற்றழுத்தம் இருக்கும்போதுதான் திறக்கும், அழுத்தம் போனால் தானாகவே இறுகும்படி செய்யப்பட்டது.

இதெல்லாம் தெரிந்த பிறகு, விசிற் விசாவில் ரொறன்ரோ போகும் பெரியம்மா எங்கே இருக்கலாம்? இரத்த அழுத்தமோ கழுத்து, முதுகு நோவோ இருந்தால் கீழே நின்று பை காக்கலாம், அறிவித்தல் பலகையும் அதைத்தான் சொல்லும். மற்றவர்கள் முதல் தடவை காலையில், சில்லு சூடாவதற்கு முன், நடுப்பெட்டியில் ஏறலாம். தலையைப் பின் தாங்கியோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடினால் வயிற்றுப் புரட்டல் கூடலாம்: காதின் உட்பகுதி திருப்பத்தை உணர்கிறது, கண்ணோ ஒன்றும் சொல்லவில்லை, மூளை குழம்புகிறது. பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று கழுத்துக்கு முன்கூட்டியே தெரியும்.