எடை கூடும் குழந்தைக்கும் அங்கன்வாடி உண்டு

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை என இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பலர் இன்றும் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடி மையங்களில், 1975ஆம் ஆண்டு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சி கட்டணமின்றிக் கண்காணிக்கப்படுகிறது. மெலிந்த பிள்ளைக்கு மட்டுமான ஏற்பாடு இது என்று கருதி, கொழுகொழுவென்று வளரும் குழந்தையை எடை போட அழைத்து வராமல் விட்டுவிடக் கூடாது.

வயதுக்கேற்ற எடையைக் காட்டும் வரைபடத்தின் மஞ்சள், ஆரஞ்சு நிறப் பகுதிகள் எடைக் குறைவைக் கண்டறிவதற்கானவை. அதிக எடையை அறிய உயரத்துக்கேற்ற எடையைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி, இது +2 திட்டவிலக்கத்தைத் (சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் காட்டும் அளவு) தாண்டினால் அதிக எடை. +3ஐத் தாண்டினால் உடல் பருமன். ஆகவே நீளத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். எடை போடுமுன் கொலுசு, காப்பு, அரைஞாண், ஈரத்துணி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வெள்ளிக் கொலுசோடு ஒரு மாதமும் அது இல்லாமல் மறுமாதமும் நிறுத்தால் வரைபடக் கோட்டை நம்ப முடியாது.

ஒரு மாத எடையைவிட அந்தக் கோட்டின் போக்கே முக்கியம். பிறந்த எடை ஏறத்தாழ ஐந்து மாதத்தில் இரு மடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் ஆவது இயல்பு. முதல் இரண்டு ஆண்டுகளில் கோடு தன் தடத்தை விட்டு விரைந்து மேலேறும் குழந்தைகளுக்குப் பின்னாளில் அதிக எடை ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தை எட்டிப்பிடித்து வளர்வது தேவையானது என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எந்தக் குழந்தைக்கும் பாலைக் குறைக்க வேண்டாம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் மையத்தில் இலவசமாக இணை உணவு பெறுவது, 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. அங்கு தரும் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே உள்ளதால் சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை. தேநீரில் நனைத்த பிஸ்கட்டுக்குப் பதிலாக, முள் நீக்கி மசித்த மீனைக் கஞ்சியோடு கொடுக்கலாம். மாவுப்பாலையும் பால்புட்டியையும் விளம்பரப்படுத்துவதும் இலவச மாதிரியாகத் தாய்மாருக்குக் கொடுப்பதும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை.

உயரத்துக்கேற்ற எடை +2ஐத் தாண்டினால், தாய் சேய் நல அட்டையுடன் கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ அணுகுங்கள்; மாதாமாதம் குறித்த எடையும் நீளமும் அந்த அட்டையில் இருந்தால்தான் அவர் சரியாக முடிவு செய்ய முடியும்.