வண்டல் – சொல் விளக்கம்

ஆறு சுமந்து வந்து படியவிடும் மென்மண்ணே வண்டல். பொடிமண்ணும் களியும் நுண்மணலும் கலந்தது. அறிக்கைகளில் ‘சில்ட்’ என்று வருமிடத்தில் தயங்காமல் இந்தச் சொல்லைப் போடலாம். ‘செடிமென்ட்’ இன்னும் விரிந்தது. நீரடியில் தங்கும் எதையும் குறிக்கும். அதற்குப் ‘படிவு’ பொருந்தும்.

சொல் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துச் சிறுமியர் கடற்கரையில் மணலைக் குவித்து ஆடும் விளையாட்டுக்கே வண்டல் என்று பெயர். அவர்கள் செய்யும் பொம்மை வண்டற்பாவை. அதை அலை வந்து அடித்துக்கொண்டு போவதையும் அந்தப் பாடல்கள் சொல்கின்றன.

கடலூர் மாவட்டத்தில் இந்த மண்ணுக்கு இன்னொரு பெயரும் உண்டு: தூர். வீராணம் ஏரியில் கிடக்கும்வரை அது தூர்; தண்ணீருக்கான இடத்தை அடைத்துக்கொள்வதால் வார வேண்டிய ஒன்று. அதையே விவசாயி டிராக்டரில் ஏற்றி வயலில் கொட்டினால் வண்டல், நிலத்துக்கு உரம். இந்த வேறுபாட்டை எழுதுகிறவர்கள் கைவிடக் கூடாது. அணை என்ன செய்கிறது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை: கடலோரத்துக்கு வண்டலாகப் போக வேண்டியதை அணை தனக்குள் தூராக்கிவிடுகிறது.

தென்பெண்ணையைப் பாருங்கள். 1958-இல் கட்டிய சாத்தனூர் அணையின் நீர்த்தேக்கத்தில் ஆறு நுழைந்ததும் அதன் வேகம் அடங்குகிறது. மணல் நுழைவாயிலிலேயே இறங்கிவிடும். களி மெல்ல நகர்ந்து அணைச்சுவர் அருகே படியும். மதகு வழியாக வெளியேறுவது பெரும்பாலும் சுமை குறைந்த நீர். அது கீழே ஆற்றுப்படுகையை அரிக்கும். 2024 டிசம்பரில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்தபோது கடலூர்த் தெருக்களில் சேறு நின்றது உண்மைதான். அப்படிப்பட்ட வெள்ளத்திலும் அணையைத் தாண்டுவது பெரும்பாலும் நுண்களி. கடற்கரைக்கு வேண்டிய மணல் உள்ளேயே தங்கிவிடும்.

நம் கடற்கரையில் அலைகள் ஆண்டு முழுக்கச் சேர்த்து மணலை வடக்கு நோக்கியே அதிகம் நகர்த்துகின்றன. அதனால் கடலூர் அருகே தாழங்குடா முகத்துவாரத்தில் தென்பெண்ணை கொண்டுவந்து சேர்ப்பது குறைந்தால் புதுச்சேரிப் பக்கத்துக் கரைக்கும் அது குறையும்; கரை அரிக்கப்படும். ஆற்று மணல் கொள்ளைக்கும் துறைமுகத் தடுப்புச் சுவர்களுக்கும் இந்த அரிப்பில் பெரும் பங்கு உண்டு. பழி முழுவதும் அணைமேல் இல்லை.

டெல்டாவில் பாதிப்பு இன்னும் ஆழமானது. சேர்ந்த மண் தன் எடையிலேயே இறுகித் தாழ்ந்துகொண்டே இருக்கும். புதுவண்டல் வந்து ஈடுகட்டாவிட்டால் உப்புநீர் உள்ளே ஏறும். நைல் நதியில் அஸ்வான் உயர் அணை 1970-இல் முடிந்தபின் அதன் டெல்டாவுக்கு வந்த வண்டல் ஏறத்தாழ நின்றே போனது. ரொசெட்டா முகத்துவாரம் வேகமாக அரிக்கப்பட்டது. கொள்ளிடத்துக்கு மேலே மேட்டூர் அணை 1934 முதல் நிற்கிறது. பிச்சாவரத்துச் சுரபுன்னைகள் வேர்பிடித்திருப்பது அந்த ஆறு கொண்டுவந்த வண்டலில்.