தற்காப்பா, தடுப்பாட்டமா?

‘மியன்மாவின் தற்காப்பு மறுபடியும் நொறுங்கியது.’ ‘தற்காப்பு வீரர்கள் களைத்துப்போனார்கள்.’ ‘தற்காப்பைப் பலப்படுத்தாமல் இந்த அணி தேறாது.’ நம் தேசியக் கால்பந்து அணி தோற்ற மறுநாள் தமிழில் யார் பேசினாலும் எழுதினாலும் இந்தத் ‘தற்காப்பு’ வந்து நிற்கிறது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் நெடுநாளாகப் புழங்கும் சொல் இது. இப்போது யாங்கோனிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்மையில் ஓர் ஆட்ட விமர்சனம் கேட்டேன். பேசியவர் மூச்சுக்கு மூச்சு ‘தற்காப்பு’ என்றார். பந்தாட்டத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. ஏன் என்று ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும்.

மூலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கில ‘டிஃபென்ஸ்’ பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘ஃபெண்டெரே’ என்றால் அடித்தல், மோதுதல். ‘டே’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் வருவதை அடித்து விலக்குதல். ‘ஒப்’ சேர்ந்தால் எதிரே போய் மோதுதல். டிஃபென்ஸ், ஒஃபென்ஸ் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. வேலியைக் குறிக்கும் ‘ஃபென்ஸ்’ கூட டிஃபென்ஸின் முன்பகுதி தேய்ந்து வந்ததுதான். இவற்றில் எங்கேயும் ‘தன்னை’ என்ற பொருள் கிடையாது.

தற்காப்பில் அது இருக்கிறது. சொல்லின் முதல் பாதியே அதுதான். தன் + காப்பு. னகரம் ககரத்தின் முன் றகரமாகத் திரிந்து தற்காப்பு. பழைய சொல்தான், நல்ல சொல்லும்தான். அதன் மேல் எனக்குக் குறை இல்லை. வள்ளுவர் ‘தற்காத்து’ என்று 56ஆம் குறளைத் தொடங்குகிறார். தன்னைக் காத்துக்கொண்டு என்று பொருள். சட்டத்தில் தற்காப்பு உரிமை என்றால் தன்னைக் கொல்ல வந்தவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை. கராத்தேயையும் சிலம்பத்தையும் தற்காப்புக் கலை என்கிறோம். எல்லா இடத்திலும் காக்கிறவரும் காக்கப்படுகிறவரும் ஒருவரே.

பந்தாட்டத்தில் அப்படியா? ஃப்ரீ கிக்குக்குச் சுவர் மாதிரி வரிசையாக நிற்கும்போது வீரர் இரு கைகளாலும் அடிவயிற்றை மறைத்துக்கொள்கிறாரே, அது தற்காப்பு. அடுத்த நொடி அதே வீரர் எம்பி, கோலை நோக்கி வரும் பந்தை நெற்றியில் வாங்கி வெளியே தள்ளுகிறாரே, அது வேறு. அங்கே அவர் தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. வலி வரும் என்று தெரிந்தே உடம்பைக் குறுக்கே போடுகிறார். இந்த இரண்டு செயலுக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டில் ஒன்று மறைந்துபோகும். மறைவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

‘அணி தன்னைத்தானே காத்துக்கொள்கிறது, ஆகவே தற்காப்பு’ என்று பதில் சொல்வார்கள். சொன்னார்கள், கேட்டிருக்கிறேன். நாட்டுக்கு இது சரிவரலாம். சிங்கப்பூரில் தற்காப்பு அமைச்சு என்றே பெயர். ஆனால் ஆட்டத்தில் எதிரணி தாக்குவது நம் அணியை அல்ல, நம் கோலை. காத்தல் என்ற வினை ‘எதை’ என்று கேட்கும் வினை. பயிரைக் காத்தான், ஊரைக் காத்தான் என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். புறத்திணைகளை அடுக்கும் பழைய வெண்பாவில் ‘எயில்காத்தல் நொச்சி அதுவளைத்தல் ஆகும் உழிஞை’ என்று வருகிறது. மதிலை வளைப்பவர் உழிஞைப் பூச் சூடினார்கள், மதிலைக் காப்பவர் நொச்சிப் பூச் சூடினார்கள். எதைக் காக்கிறோம் என்பது அங்கே பட்டவர்த்தனமாக இருக்கிறது. தொல்காப்பியம் நொச்சியைத் தனித் திணையாக்காமல் உழிஞைக்குள்ளேயே அடக்கியது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலைதான் இரண்டையும் பிரித்தது. எனக்குத் தொல்காப்பியர் செய்ததுதான் பிடிக்கிறது. தாக்குவதும் தடுப்பதும் ஒரே போரின் இரண்டு பக்கம்.

சரி, அப்படியானால் ‘நொச்சியர்’ என்றே சொல்லிவிடலாமே என்று தூய தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். அழகான சொல். ஆனால் தேநீர்க் கடையில் ஆட்டம் பார்க்கும் பையனுக்குப் புரியாது. தமிழ்ப் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் போய் எழுத்துக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. கேட்டவுடன் விளங்காத சொல்லை அவர்கள் மேல் ஏற்றினால், தமிழை விட்டுவிட்டுப் பர்மியச் சொல்லுக்கே போய்விடுவார்கள். ஏற்கெனவே பாதி போய்விட்டார்கள்.

பர்மியச் சொல்லைக் குறைசொல்லவும் முடியாது. தாக்குதலுக்கு ‘டைக்சிட்’, தடுப்புக்கு ‘கான்சிட்’. ‘சிட்’ என்றால் போர். ‘டைக்’ என்றால் தாக்கு. ‘கான்’ என்றால் ஏற்றுத் தாங்கு, எதிர்த்து நில். பின்னால் ஆடுகிறவர் ‘நௌக்கான்லூ’, பின்னின்று தாங்குகிற ஆள். பக்கத்து மலாய்க்காரர்களும் ‘பெர்தாஹானான்’ என்கிறார்கள். அதன் வேரான ‘தாஹான்’ என்பதற்கும் தாங்கு, பொறுத்து நில் என்றுதான் பொருள். இத்தாலியர்கள் 1960களில் புகழ்பெற்ற தங்கள் தடுப்பு முறைக்குக் ‘கதெனாச்சோ’ என்று பெயர் வைத்தார்கள். அது கதவின் தாழ்ப்பாள். இவர்கள் யாரும் ‘தன்னை’ என்ற சொல்லைப் பக்கத்தில்கூடச் சேர்க்கவில்லை. மலேசியத் தமிழர் தினமும் காதில் கேட்கும் மலாய்ச் சொல்லிலேயே சரியான பொருள் இருக்க, தமிழில் மட்டும் எப்படித் தற்காப்பு ஆயிற்று? படைத்துறைச் சொல்லை அப்படியே எடுத்து மைதானத்தில் இறக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதை வெறும் சொற்பிடிவாதம் என்று ஒதுக்க வேண்டாம். நம் அணியின் வியாதியே இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தில் ஜப்பான், வட கொரியா, சிரியா ஆகிய நாடுகளோடு நம்மைச் சேர்த்தார்கள். ஆறு ஆட்டத்தில் நாம் அடித்தது 3 கோல், வாங்கியது 28. கிடைத்தது ஒரே ஒரு புள்ளி, 2024 மார்ச்சில் சிரியாவோடு 1-1 என்று முடித்ததற்கு. ஐந்து நாள் கழித்து அதே சிரியா 7-0 என்று அடித்தது. அப்புறம் அந்த டிசம்பரில் ஆசியான் கோப்பை. வியட்நாமுக்கு எதிராக இடைவேளை வரை ஒரு கோலும் விடவில்லை. இரண்டாம் பாதியில் ஐந்து.

இதைத்தான் ‘தற்காப்பு நொறுங்கியது’ என்று எழுதினார்கள். நான் சொல்கிறேன், தற்காப்பு நொறுங்கவில்லை; தற்காப்பு மட்டும்தான் நடந்தது. பெரிய அணி எதிரே வந்தால் நம்மவர்கள் பெனால்டி எல்லைக்குள் போய் ஒடுங்கிவிடுகிறார்கள். பந்து காலில் பட்டால் யாரிடம் போகிறது என்று பார்க்காமல் உதைத்துத் தள்ளுகிறார்கள். முன்னால் ஒரே ஒரு ஆள், அவருக்குத் துணைக்கு அருகில் யாரும் இல்லை. பந்து அவரைத் தாண்டிப் போய், எதிரணியின் காலில் விழுந்து, திரும்ப நம்மிடமே வருகிறது. அரைமணி நேரம், முக்கால் மணி நேரம் இப்படித் தாக்குப்பிடிக்கலாம். தொண்ணூறு நிமிடம் எந்தக் காலும் தாங்காது. 3 கோல்தான் அடித்தோம் என்பதும் 28 வாங்கினோம் என்பதும் இரண்டு குறைகள் இல்லை. பந்தைப் பிடுங்கிய அடுத்த நொடி அதை எங்கே அனுப்புவது என்று தெரியாத ஒரே குறைதான் இரண்டு எண்ணாகத் தெரிகிறது.

741ஆம் குறள் இந்த இரண்டு மனநிலையையும் பிரித்துக் காட்டுகிறது: ‘ஆற்று பவர்க்கும் அரண்பொருள் அஞ்சித்தற் போற்று பவர்க்கும் பொருள்.’ போர்த்தொழில் ஆற்றுகிறவருக்கும் அரண் வேண்டும், அஞ்சித் தன்னைக் காத்துக்கொள்கிறவருக்கும் அரண் வேண்டும். அரண் ஒன்று, ஆனால் அதற்குள் நிற்கிற ஆள் வேறு. ‘தற்போற்றுதல்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘அஞ்சி’ என்று வள்ளுவர் போட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பழைய அணி அப்படி ஆடவில்லை. 1966இலும் 1970இலும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1968 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியத்திடம் 0-1, மெக்சிகோவிடம் 0-1, சூடானை 2-0 என்று வென்றோம். மூன்று ஆட்டத்தில் வாங்கியது இரண்டே கோல், அதுவும் அந்தக் காலத்துச் சோவியத் அணி எதிரே நின்றபோது. அவுங் சான் மைதானத்தில் அந்தத் தலைமுறையைப் பார்த்த பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் தற்காப்பு என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. ‘பேக் நல்லா மறிச்சு ஆடினான்’ என்பார்கள். ‘ஆளை விடவே இல்லை’ என்பார்கள். மறித்தல், விடாமை. சொல்லாக்கக் குழு எதுவும் உட்காராமலே சரியான பொருளை அவர்கள் பிடித்திருக்கிறார்கள்.

தற்காப்பு வேண்டாம் என்றதும் சிலர் ‘பாதுகாப்பு’க்குத் தாவுகிறார்கள். அது இன்னும் குழப்பம். ‘துவுன்னா மைதானத்தில் பாதுகாப்பு பலவீனமாக இருந்தது’ என்று படித்தால் வாசலில் நின்ற காவலர்களைப் பற்றிய செய்தி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ‘பாதுகாப்பு வீரர் காயம்’ என்றால் எல்லையில் சண்டையோ என்று நெஞ்சு பதறும். நம் நாட்டில் அந்தப் பதற்றத்துக்குக் காரணம் உண்டு; விளையாட்டுச் செய்தி அதைக் கிளப்பக் கூடாது.

நான் பரிந்துரைப்பது தடுப்பாட்டம். புதிதாக நான் படைத்தது இல்லை, தமிழ்நாட்டு விளையாட்டுப் பக்கங்களில் இருப்பதுதான். தடு என்ற வினை எதிரே வருவதை நிறுத்துகிறது, லத்தீன் மூலம் சொல்வதும் அதையே. அதோடு தமிழில் தடுப்பது என்றால் சும்மா நிற்பதும் அல்ல. தடுப்பணை ஓடிவரும் ஆற்றை மறிக்கிறது, மறித்த நீரை வாய்க்காலுக்குத் திருப்பிவிடுகிறது. நல்ல பின்கள வீரரின் வேலையும் அதுவே: பறி, பறித்ததைச் சரியான காலுக்கு அனுப்பு. கதெனாச்சோ ஆடிய இன்டர் மிலான் 1964, 1965 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்த அணியின் இடது பின்கள வீரர் ஃபாக்கெத்தி முன்னேறிப் போய்க் கோல் அடிப்பதில் பேர்போனவர். அவரைத் ‘தற்காப்பு வீரர்’ என்று எழுதப் பேனா எப்படி வரும்?

தடுப்பாட்டம் கிரிக்கெட் சொல் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. மட்டையாளர் பந்தை அடிக்காமல் கட்டை போடுவதை அப்படி எழுதுகிறார்கள், உண்மைதான். அதனால் என்ன? இரண்டு ஆட்டம் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொள்ளலாம். இடம் பார்த்துப் பொருள் விளங்கும். அதுவும் பர்மாவில் கிரிக்கெட் பேசுகிறவர் எத்தனை பேர்?

இன்னொன்றையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். பின்களம் என்பது இடம், தடுப்பாட்டம் என்பது செயல். ‘டிஃபெண்டர்’ என்று நிலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் பின்கள வீரர் என்று எழுதினால் போதும். ‘தடுப்பாட்டக்காரர்’ வாயில் நீள்கிறது. முன்கள வீரரும் தடுப்பாட்டம் ஆடுவார். இன்றைய ஆட்டத்தில் எதிரணியின் பின்கள வீரர் பந்தை எடுத்ததும் அவர் மேல் முதலில் பாய்கிறவர் முன்கள வீரர்தானே. ‘தற்காப்பு வீரர்’ என்ற ஒரே பெயரில் இடத்தையும் செயலையும் கட்டிப்போட்டால் இதைச் சொல்லவே வழி இல்லை.

தாக்குதலில் சிக்கல் இல்லை. தாக்குதல், எதிர்த்தாக்குதல், முன்களம், எல்லாம் நிலைத்துவிட்டன. அங்கேயும் மொழிபெயர்ப்பாளர்கள் சும்மா இருப்பதில்லை. ‘ஒஃபென்ஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் அகராதியின் முதல் பொருளை எடுத்துக் ‘குற்றம்’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘கிளீன் ஷீட்’ என்பதைத் ‘தூய தாள்’ என்று எழுதுகிறார்கள். கோல் விடாமல் ஆடினார்கள் என்று சொல்லத் தமிழுக்கு என்ன தடை? ‘பேருந்தை நிறுத்தினார்கள்’ என்றும் படித்தேன். 2004இல் டாட்டன்ஹாம் அணியைப் பற்றி, அப்போது செல்சி அணியின் பயிற்சியாளராக இருந்த மொரின்யோ கோபத்தில் சொன்னது அது, பேருந்தைக் கொண்டுவந்து கோலுக்கு முன்னால் போட்டுவிட்டார்கள் என்று. ஆங்கிலத்தில் அது பழகிப்போன வழக்கு. தமிழில் அந்தக் கதை தெரியாதவருக்கு ஒன்றும் விளங்காது. கோலை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள் என்று எழுதலாம். ஆட்டத்தில் தற்காப்பு என்ற சொல்லுக்கு இடம் உண்டென்றால் அது இங்கேதான்: தோற்காமல் தப்பித்தால் போதும் என்று பதினொரு பேரும் ஒடுங்குகிற ஆட்டத்தைத் தற்காப்பு ஆட்டம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

நம் அணியில் இப்போது பெரிய பள்ளமாகத் தெரிவது பின்கள வரிசைக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டிய ஆள். எதிரணியின் பந்தை அங்கேயே வெட்டி, தலை நிமிர்ந்து பார்த்து, முன்னால் தனியாக ஓடுகிறவருக்கு அனுப்புகிறவர். ஆங்கிலத்தில் ‘டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர்’. அவரைத் தடுப்பு நடுக்கள வீரர் என்று எழுதுங்கள்.