ரவுட்டர்: வழியா, திசையா?

திருகோணமலையில் ஃபைபர் இணைப்பு எடுத்தால் சுவரில் ஒரு பெட்டியைப் பூட்டிவிட்டுப் போவார்கள். வீட்டில் அதன் பெயர் ரவுட்டர்; சிலருக்கு ரூட்டர். ரூட்டர் பிரித்தானிய உச்சரிப்பு, ரவுட்டர் அமெரிக்க வழக்கு. தச்சுப் பட்டறை ரவுட்டர் வேறு சொல்: பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவதிலிருந்து வந்தது. நம் பெட்டியின் பெயர் வழியைக் குறிக்கும் 'ரூட்' என்பதிலிருந்து பிறந்தது. அதன் மூலம் இலத்தீன் 'ருப்தா', உடைத்துத் திறந்த பாதை.

தமிழில் வழிச்செலுத்தி, திசைவி என்று இரண்டும் ஓடுகின்றன. மூலச்சொல்லுக்கு நேரானது வழிச்செலுத்தி. ஆனால் வேலைக்குப் பொருந்துவது திசைவிதான். குச்சவெளிக்குப் போக வழி கேட்டால் நகரத்தில் நிற்பவர், "நிலாவெளி ரோட்டால போங்க, அங்க போய்க் கேளுங்க" என்பார். ரவுட்டரும் அப்படித்தான். முழுப் பாதையும் அதற்குத் தெரியாது. பொதியின், அதாவது இணையத்தில் போகும் தரவுத் துண்டின், முகவரியைப் பார்த்து அடுத்த கைக்குத் தள்ளிவிடும். கேள்வி, பிறவி, துறவி என்று வினையில் சேரும் 'வி' பெயர்ச்சொல்லான திசையில் எப்படி ஒட்டும் என்று இலக்கணக்காரர் கேட்கலாம். கேட்கட்டும்; சொல் சின்னது, வாயில் நிற்கிறது.

சுவர்ப் பெட்டியோ வெறும் திசைவி அல்ல. ஒளியை மின்குறிப்பாக்கும் ஓஎன்டியும் அதற்குள்தான் இருக்கிறது, ஒளிமாற்றி எனலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால், சொந்த ரவுட்டர் வாங்கியதும் சிலர் சுவர்ப் பெட்டியைக் கழற்றப் பார்க்கிறார்கள். பச்சைத் தலை ஃபைபரைச் செருகச் சாதாரண ரவுட்டரில் இடமே இல்லை. ஓஎன்டியின் தொடரிலக்கம் நிறுவனத்தில் பதிவாகியிருக்கும். வேறொன்றை வைத்தாலும் லைன் வராது. கழற்றிய முனையில் தூசி ஏறினால் ஒளி குறையும், அது தனிக் கரைச்சல்.

சுவர்ப் பெட்டியின் லான் துளையிலிருந்து (வீட்டுப் பக்கம்) உங்கள் ரவுட்டரின் வான் துளைக்கு (இணையப் பக்கம்) கேட்5இ என்ற வலையமைப்பு வயர் ஒன்று போதும். இரண்டும் 192.168.1.1 என்ற முகவரியிலேயே நின்றால் முட்டிக்கொள்ளும், உங்களுடையதை 192.168.10.1 ஆக்குங்கள். இப்போது வீட்டில் திசைவி இரண்டு. யூடியூப் ஓடும், ஆனால் இரண்டும் தனித்தனியே முகவரியை மாற்றுவதால் சிசிடிவியை வெளியிலிருந்து பார்ப்பது சிக்கலாகலாம்.

வைஃபை மட்டும் போதுமென்றால் சொந்த ரவுட்டரில் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, 192.168.1.2 கொடுத்து, லானிலிருந்து லானுக்கு வயரைப் போடுங்கள். வான் துளை சும்மா கிடக்கட்டும்.

சொந்த ரவுட்டரே முழு வேலையும் செய்யவேண்டுமென்றால் சுவர்ப் பெட்டியைப் பாலமாக்க வேண்டும். 'பிரிட்ஜ் மோட்' என்பது இதுதான். திசை காட்டும் வேலையை அது விட்டுவிடும். பிபிபிஓஇ, அதாவது பயனர்பெயர் கொடுத்து நுழையும் முறை, பாவிக்கும் இணைப்பென்றால் பயனர்பெயர், கடவுச்சொல், விலான் எண் (லைனுக்குள் இணையத்தைப் பிரித்துக் காட்டும் இலக்கம்) மூன்றையும் நிறுவனத்திடம் முதலே கேட்டு வையுங்கள். விலான் எண் பிழைத்தால் ரவுட்டர் இணைய முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே பெட்டியில் வீட்டுத் தொலைபேசி இருந்தால் அது செத்துப்போகாதா என்றும் கேளுங்கள். பாலமாக்கியும் வான் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், இன்னொரு முகவரி மாற்றம் நிறுவனத்துக்குள்ளேயே நடக்கிறது. சிசிடிவிக்குப் பொது முகவரி கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

கடற்கரைப் பக்கத்து வீடென்றால் வயரின் தலையையும் பாருங்கள். 1000 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு நான்கு போதும். ரவுட்டர் 100 என்று காட்டினால் அதைத் திட்ட முன் தலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு கம்பியில் உப்புப் பிடித்துப் பச்சை பூத்திருக்கலாம்.